"சிஸ்டம் எடுக்கலை" என்பது பதில் ஆகாது

முழங்கால் வலியால் கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. இன்று கோபத்தோடு வந்திருக்கிறேன். கோபமாக இருக்கும்போது எழுத உட்காராதீர்கள் என்பாள் என் மனைவி. முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து எல்லாருடைய கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஒரு தடவையாவது திருப்பிக் கோபப்பட எனக்கும் உரிமை உண்டு.

நவம்பர் மாதம் வந்தால் ஓய்வூதியர்களாகிய நாம் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் பணம் வராது. இது நியாயமான விதிதான். செத்தவர் பெயரில் பென்ஷன் வாங்கியவர்களை என் பணிக்காலத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எட்டு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வயது எழுபத்தொன்பது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நண்பரின் சம்பளம் போதாமல் முத்தியால்பேட்டையில் வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கிரைண்டர் வாங்கும்வரை ஆட்டுக்கல்தான். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை அது. விரல் நுனியில் ரேகை எங்கே இருக்கப் போகிறது?

போன நவம்பரில் வங்கியில் கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்தார். பச்சை விளக்கு வரவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். "சிஸ்டம் எடுக்கலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்றான் கவுன்ட்டர் பையன். மறுநாள் போனார். "சர்வர் டவுன்." மூன்றாம் நாள் எண்ணெய் தடவிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான்காம் முறை எண்ணெயைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் காசு. டிசம்பர் மாதப் பென்ஷன் வரவில்லை.

என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, நான் செத்துட்டேனாம். நீ வந்து சொல்லு, இன்னும் இருக்கேன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் தெரியாத கிழவன் புலம்புகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972-இல் நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் பிரெஞ்சுக்காரர் காலத்து டைப்ரைட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். எண் அடிக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அது எனக்குப் பழகிய விசைப்பலகை. பிறகு பயிலகத்தில் சேர்ந்து ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஆங்கிலத் தட்டச்சைப் புதிதாகக் கற்றுக்கொண்டு லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றியிருக்கிறேன். அந்த மை சட்டையில் பட்டால் சட்டையைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

1990 வாக்கில் எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனி அறை, ஏ.சி., தரைவிரிப்பு. நாங்கள் ஓட்டை மின்விசிறிக்குக் கீழே வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பிரிவில் முதலில் கற்றுக்கொண்டவன் நான்தான். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் எல்லாம் தெரியும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று சம்பளப் பட்டியலை அடித்துத் தள்ளும்போது, முன்பு பத்து நாள் கண் வலிக்கக் கூட்டிக் கழித்தது நினைவுக்கு வரும். அந்த யந்திரத்தை நான் நேசித்தேன்.

ஆகவே என் சண்டை யந்திரத்தோடு இல்லை. "சிஸ்டம் எடுக்கலை" என்ற வாக்கியத்தோடுதான்.

அந்த வாக்கியத்தில் ஆள் எங்கே? யார் எடுக்கவில்லை? வங்கியா, அரசாங்கமா, மேலாளரா? யாரும் இல்லை. சிஸ்டம். அதற்கு முகம் கிடையாது, மேசை கிடையாது, அதன் மேல் மனு போட முடியாது. எங்கள் காலத்தில் டைப் அடித்த கடிதத்தின் இடது மூலையில் அடித்தவரின் முதலெழுத்துகள் இருக்கும். கோப்பில் குறிப்பு எழுதினால் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். தப்பு வந்தால் அந்த எழுத்தைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். "டைப்ரைட்டர் எடுக்கலை சார்" என்று ஒருவனும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்கே இடமாற்றம்தான்.

சின்ன வயதில் பள்ளியில் 'திக்தே' எழுதும்போது ஒரு நாள் என் நோட்டில் ஒரே மை. ஐந்து பிழை, ஆகவே பூஜ்யம். பேனா சரியில்லை என்றேன். எங்கள் மேத்ர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்படியானால் பூஜ்யத்தைப் பேனாவுக்குப் போடட்டுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். வகுப்பே சிரித்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் குற்றத்தை மறைத்தால் சரியாகாது. இந்த வாக்கியத்தை நம் ஊரில் முதலில் சொன்னவர்களில் நானும் ஒருவன். கம்ப்யூட்டர் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் விதவை நிலுவைத் தொகை கேட்டு வந்தார். பெயரை அடித்துப் பார்த்தேன், இல்லை. "கம்ப்யூட்டர்ல இல்லம்மா, அடுத்த மாசம் வாங்க" என்றேன். அடுத்த மாசமும் அதையே சொன்னேன். மூன்றாவது மாதம் எங்கள் கண்காணிப்பாளர் இதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். "கம்ப்யூட்டர்ல இல்லைன்னா லெட்ஜர்ல இருக்கா பாரு. நீ குமாஸ்தாவா, கம்ப்யூட்டரா?"

லெட்ஜரில் இருந்தது. விஷயம் என்னவென்றால், அந்த மனிதர் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். ஆறுமுகம் என்ற பெயரை பிரெஞ்சு முறையில் எழுதினால் 'உ' ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து வரும். ஆங்கில முறையில் யு ஒன்றே போதும். நம் ஊரில் பாதிப் பேருக்குப் பிறப்புப் பதிவில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து. இது உங்களுக்கெல்லாம் தெரிந்த தலைவலிதான். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆறுமுகம். கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். இரண்டும் ஒன்று என்று சொல்லும் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதுவும் பிரெஞ்சு படித்த எனக்கு! அந்த வேலையைச் செய்யாமல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தம்மா மூன்று மாதம் அலைந்தது என்னால்தான்.

அன்று லெட்ஜர் இருந்தது, பிழைத்தார். இப்போது "எல்லாம் ஏற்றியாகிவிட்டது" என்று சொல்லிப் பழைய லெட்ஜர்களை எடைக்குப் போடுகிறார்கள். ஏற்றியது நாளைக்குத் திறக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. 1998-இல் நான் தமிழில் அடித்த சில கட்டுரைகள் மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் இருந்தன. ஒரு புள்ளி நாலு நாலு எம்.பி., அதுவே அன்றைக்குப் பெரிய பெட்டகம். அதைப் படிக்கும் கருவியை மகன் எங்கிருந்தோ தேடி வாங்கி வந்தான். ஃப்ளாப்பி திறந்தது. ஆனால் உள்ளே தமிழ் இல்லை, கோழி கிளறிய மாதிரி குறிகள். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துருவுக்குக் குறியீடு வைத்தது. அந்த எழுத்துரு இன்று என்னிடம் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு பிரெஞ்சு குமாஸ்தா மையால் எழுதிய பிறப்புப் பதிவை இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுவேன். ஆக, புதியதை ஏற்றுங்கள், பழையதை வையுங்கள். ஓர் அலமாரி இடம்தானே கேட்கிறோம்?

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நான் கூடப் போனேன். கவுன்ட்டர் பையனைத் திட்டவில்லை. அவன் பேரனைப் போல. ஒப்பந்த வேலை, வரிசையில் ஐம்பது பேர், விதியை மீறி ஒரு கையெழுத்து போட அவனுக்கு அதிகாரமும் இல்லை. அதிகாரம் உள்ளவர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். அவரிடம் போனேன்.

"காகிதப் படிவத்தில் எழுதிக் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"இப்ப எல்லாம் டிஜிட்டல் சார்."

நான் விதியைச் சொன்னேன். கைரேகை வைத்துச் சான்று தரும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. நம் வசதிக்காகக் கூடுதலாக வந்த வழி அது. பழைய காகிதச் சான்றை யாரும் ரத்து செய்யவில்லை. நேரில் போய்க் கையெழுத்திடலாம். நடமாட முடியாதவர் கெஜட்டட் அதிகாரி போன்றவரிடம் கையெழுத்து வாங்கியும் அனுப்பலாம். 2021-இல் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதியும் வந்திருக்கிறது, ரேகை தேய்ந்தவர்களுக்காகத்தான். இத்தனை வழி இருக்கும்போது ஒரே ஒரு வழியைக் காட்டி, அது அடைத்துக்கொண்டால் "போய் வா" என்பது என்ன நியாயம்?

மேலாளர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இது அவங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பாருங்கள்" என்றேன். பாஸ்புக்கில் புகைப்படம் இருக்கிறது, ஓய்வூதிய ஆணையில் கணவரோடு எடுத்த புகைப்படம் இருக்கிறது, எதிரில் ஆள் நிற்கிறார். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "உட்காருங்கம்மா" என்றார். படிவம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. கையெழுத்து, முத்திரை, ஐந்து நிமிடம். நிறுத்திய பணம் அடுத்த மாதம் சேர்த்து வந்தது.

என் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவரும் வருஷா வருஷம் 'செர்த்திபிக்கா த வீ' கொடுக்க வேண்டும். ஒரு முறை நான் கூடப் போனபோது, அதிகாரி கைகொடுத்து, "சவா?" என்று நலம் விசாரித்து, முகத்தைப் பார்த்துக் கையெழுத்து போட்டார். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த நல்ல முறை அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நமக்குள். யாராவது "சிஸ்டம் எடுக்கலை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இதை முடிவு செய்யும் அதிகாரி யார், அவர் பெயர் என்ன? இரண்டு, காகிதப் படிவம் எங்கே? மூன்று, முடியாது என்றால் அந்த முடியாததைத் தேதி போட்டு எழுதித் தர முடியுமா? மூன்றாவது கேள்விக்கே பல சிஸ்டங்கள் எடுக்க ஆரம்பித்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வரும் நவம்பர் முதல் வாரம் நான் வங்கிக்குப் போகிறேன். அண்ணியும் வருகிறார். பையில் இருபது வெற்றுப் படிவம் வைத்திருப்பேன். ரேகை தேய்ந்தவர்கள், கண் தெரியாதவர்கள், தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் காலை பத்து மணிக்குள் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். காப்பி குடித்துவிட்டுச் சேர்ந்தே போவோம்.