கைவேலைப் பகுதி: எட்டுக்கால் பொம்மையும் எட்டாம் மாதக் குழந்தையும்

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கலாகாது, சட்டை தைக்கலாகாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த துணியே போதும் என்பார்கள். நாள் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு அது சரிதான். நாள் நிறையுமுன் அவசரப்பட்டு வந்துவிடும் குழந்தைக்கோ வீட்டில் ஒன்றுமே தயாராக இருப்பதில்லை. தாயின் மனமும் தயாராக இருப்பதில்லை.

வெஸ்ட்மீட் வாசிகளுக்கு இது தூரத்து விஷயமன்று. 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியும், 1995ஆம் ஆண்டு கேம்பர்டவுனிலிருந்து இடம்மாறி வந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. இரண்டிலும் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பவர்களைக் குறைமாதக் குழந்தைகள் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 8 குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன. அவர்களில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

மகளின் பேறுகாலத்துக்கு உதவி செய்ய ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெட்டி நிறைய பத்தியச் சாமான்களுடன் வந்து இறங்குகிறார். இரண்டே வாரத்தில், எட்டாம் மாதத்திலேயே, குழந்தை பிறந்துவிடுகிறது. பேரப்பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். மூக்கிலே குழாய், கையிலே ஊசி, நெஞ்சிலே கம்பிகள். பார்வையாளர் பலர் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியாது. பாட்டி வெளியே காத்திருக்கிறார். 'ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது' என்று சிறுவயதில் கேட்ட பேச்சு அவர் நெஞ்சை அரிக்கிறது. மகளிடம் அதைச் சொல்லவும் முடியாது, தானே மறக்கவும் முடியாது.

அந்தப் பாட்டிக்கு முதலில் சொல்ல வேண்டியது, அந்தப் பேச்சு தவறு என்பதுதான். இது நம் நாட்டில் மட்டும் உள்ள நம்பிக்கையும் அன்று. பழைய கிரேக்க வைத்திய நூல்களிலும் இதே கருத்து உண்டு. தாயின் வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. ஏழாம் மாதப் பிள்ளையைவிட எட்டாம் மாதப் பிள்ளைக்கு நுரையீரலும் பலம், உடல் எடையும் அதிகம். இக்காலத்தில் நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 32 வாரம் கடந்து பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து நன்றாக வளர்கிறார்கள்.

இரண்டாவதாக, சும்மா இருக்கும் அவருடைய கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கான்வென்ட் பள்ளியிலோ அடுத்த வீட்டு அக்காளிடமோ குரோஷா கற்று, வானொலிப் பெட்டிக்கும் மேசைக்கும் விரிப்புப் பின்னிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும் இருந்தால் கடல்வாழ் பிராணி ஒன்றை அவரால் செய்துவிட முடியும். அது ஆக்டோபஸ். நம் மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இது பருத்தி நூலில் பின்னிய சாதுவான பேய்!

குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் பொம்மையைக் கொடுக்கும் பழக்கம் 2013ஆம் ஆண்டு டென்மார்க்கில் தொடங்கியது. தன் குறைமாதக் குழந்தைக்காக ஒரு தந்தை கேட்க, கைவேலை தெரிந்த பெண்மணி ஒருவர் பின்னிக் கொடுத்தார். அதிலிருந்து 'ஸ்ப்ரூட்டெகுருப்பென்' என்ற தொண்டர் குழு உருவாகிப் பல ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகப் பின்னிக் கொடுத்தது. பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவி ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது.

மீனோ ஆமையோ இருக்க ஆக்டோபஸ் எதற்கு என்று கேட்கலாம். காரணம் அதன் கால்கள்தான். உள்ளங்கையில் எது பட்டாலும் இறுகப் பிடிப்பது குழந்தையின் இயல்பு. வயிற்றில் இருக்கும்போதே அந்தப் பிடி வந்துவிடுகிறது. அங்கே கைக்கு அகப்படுவது தொப்புள்கொடி. கண்ணாடிப் பெட்டியிலோ அகப்படுவது மூக்குக் குழாயும் கம்பியும். அதைப் பிடித்து இழுத்துவிட்டால் மறுபடி குழாய் செருக வேண்டும். குழந்தைக்கு வேதனை, தாதியர்க்குக் கவலை. சுருள் சுருளான நூற்கால் ஒன்று கையில் இருந்தால் குழந்தை அதைப் பற்றிக்கொண்டு குழாயை விட்டுவிடும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம்.

இதனால் மூச்சும் நாடித் துடிப்பும் சீராகின்றன என்றும் சிலர் சொல்கிறார்கள். தாதியரும் பெற்றோரும் கண்டு சொன்னவை பல; மருத்துவ ஆய்வுகளோ சிறியவையே. ஆகவே இதை மருந்தென்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பிடிமானம் என்று கொண்டால் போதும்.

இனிப் பின்னும் முறை. முதலில் ஓர் எச்சரிக்கை. இங்குள்ள கைவேலைப் புத்தகங்களில் இங்கிலாந்து முறைப் பெயர்களும் உண்டு, அமெரிக்க முறைப் பெயர்களும் உண்டு. இங்கிலாந்து முறையில் 'டபிள் குரோஷே' என்பதையே அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பர். இது தெரியாமல் பின்னினால் பின்னல் உயர்ந்து ஓட்டை ஓட்டையாகிவிடும். நமக்கு வேண்டியது எல்லாவற்றிலும் குட்டையான, நெருக்கமான அந்தச் சாதாரணப் பின்னல்.

தேவையானவை: 100 சதவீதம் பருத்தியாலான 8 பிளை நூல், 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் ஊசி, துவைக்கத் தக்க பாலியஸ்டர் பஞ்சு. தலையணைக்கு நாம் விரும்பும் இலவம் பஞ்சு இதற்கு ஆகாது. நனைந்தால் கட்டிதட்டும், இழைகளும் வெளியே வரும். கம்பளியும் அக்ரிலிக்கும் வேண்டாம். சூடான தண்ணீரில் அடிக்கடி துவைப்பதைத் தாங்குவது பருத்திதான்.

தலை: ஒரு வளையத்தில் 6 பின்னல் போட்டுத் தொடங்கவும். அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது 18. இப்படி ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே 48 வரை, அதாவது 8 சுற்றுகள் போகவும். சுற்றுக்கு 6 கூட்டினால் பின்னல் அப்பளம்போல் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம்போல் குழியும். ஆகவே 48 வந்தபின் கூட்டாமல் 10 சுற்றுகள் போடவும். பிறகு சுற்றுக்கு 6 குறைத்து 42, 36, 30, 24 என்று வரவும். தலை தயார். பஞ்சை இப்போது அடைக்க வேண்டாம்.

கால்கள்: விளிம்பில் உள்ள 24 பின்னலில் ஒரு காலுக்கு 3 வீதம் 8 கால்கள். விளிம்பிலிருந்து 50 சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் 3 பின்னல் போட வேண்டும். விளிம்பை அடைந்ததும் 3 பின்னல் தள்ளி அடுத்த காலைத் தொடங்கவும். நீளத்துக்கு அடங்காத அளவு பின்னல் சேர்வதால் கால் தானாகவே முறுக்குப்போல் சுருண்டுகொள்ளும்.

இந்தச் சுருளுக்குள் பெரிய கணிதமே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற அம்மையார், விளிம்பு பெருகிக்கொண்டே போகும் ஒருவகை வளைபரப்பை 1997ஆம் ஆண்டு குரோஷாவில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் உருவம் நூலில் நிலைத்து நின்றது. கடற்பவளமும் அதே போன்ற மடிப்புகளோடுதான் வளர்கிறது. பிரிஸ்பேனில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் இம்முறையைக் கைக்கொண்டு, அழிவை எதிர்நோக்கும் பவளப் பாறைகளை நினைவூட்டும் பெரும் குரோஷாப் பாறை ஒன்றை 2005 முதல் உருவாக்கினார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் கைகள் அதில் சேர்ந்தன. பாட்டிமாரின் பொழுதுபோக்கு என்று குரோஷாவை எவரும் இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லலாம்.

முடிப்பு: 6, 12, 18, 24 என்று ஒரு சிறு வட்டம் தனியே பின்னிக்கொள்ளவும். தலைக்குள் பஞ்சை அளவாக அடைத்து, இந்த வட்டத்தை அடியில் வைத்து நெருக்கமாகத் தைத்து மூடவும். கண்ணும் வாயும் நூலால் தைக்கப்பட வேண்டும்.

இனி வருவது பின்னலைவிட முக்கியம். அன்பு மிகுதியால் அளவை மீறுவது நம் சுபாவம். இங்கே அது கூடாது.

ஒன்று: காலை நன்றாக இழுத்துப் பிடித்து அளந்தால் 22 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நீண்டுவிட்டால் குழந்தையின் கழுத்தைச் சுற்றக்கூடும். சிலர் கைக்கு 50 சங்கிலியே அதிகமாகிவிடும். ஆகவே முதற்காலை முடித்தவுடன் அளந்து பாருங்கள். கூடினால் அதைப் பிரித்துச் சங்கிலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: பின்னலுக்கிடையே பஞ்சு தெரியக் கூடாது. பிஞ்சு விரல் நுழையும் இடைவெளியும் இருக்கக் கூடாது. தெரிந்தால் சிறிய ஊசியால் மீண்டும் பின்ன வேண்டும்.

மூன்று: பொத்தான், மணி, சலங்கை, பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். திருஷ்டிக்கென்று கறுப்புக் கயிறோ பாசியோ கட்டவும் வேண்டாம். கழன்று வாய்க்குள் போனால் திருஷ்டியைவிடப் பெரிய ஆபத்து அதுவே.

நான்கு: முடித்ததும் 60 பாகை வெப்பத்தில் துவைத்து, முழுவதும் காயவைத்து, சுத்தமான பையில் மூடி வைக்கவும். அதன்பின் கொஞ்சி முத்தமிட வேண்டாம்!

ஐந்து: எல்லா ஆஸ்பத்திரிகளும் இப்பொம்மையை ஏற்பதில்லை. தொற்று பற்றிய பயமும் விதிமுறையும் இடத்துக்கு இடம் மாறும். ஊசியைக் கையில் எடுக்குமுன்பே அந்தப் பிரிவின் பொறுப்புத் தாதியிடம் கேட்டுவிடுவது மரியாதையும் ஆகும், வீண் உழைப்பையும் தவிர்க்கும். தாதி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆறு: ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூச்சையும் துடிப்பையும் கருவிகள் இரவு பகலாகக் கவனிக்கின்றன. வீட்டில் அப்படியில்லை. குழந்தை வீட்டுக்கு வந்ததும் தூங்கும் கட்டிலில் பொம்மை, தலையணை, மெத்தென்ற எதுவும் இருக்கலாகாது. மல்லாக்கப் படுக்கவைத்து முகம் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்நாட்டுப் பாதுகாப்பு விதி. எத்தனை ஆசையோடு பின்னியதானாலும் அன்றைக்கு அந்த ஆக்டோபஸ் அலமாரிக்குப் போகட்டும். குழந்தை வளர்ந்தபின் எடுத்து விளையாடலாம்.

இவ்வளவும் சொன்னபின் உண்மையான பிடிமானம் எது என்பதையும் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத நிலையில், மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் அணைத்துக் கட்டி வைத்தார்கள். தாயின் சூடே பெட்டியின் வேலையைச் செய்தது. அதற்கு நம் ஆஸ்திரேலியக் கங்காருவின் பெயரையே வைத்தார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்த அணைப்பைத் தொடங்கலாம் என்று பரிந்துரை செய்தது. இதன் பலன் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தாய் மட்டுமன்றித் தந்தையும் அணைக்கலாம். 'தொட்டால் என்ன ஆகுமோ' என்று பயந்து ஒதுங்கி நிற்கும் இளம் தாயை, 'போ அம்மா, தாதியிடம் கேட்டு நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்' என்று தைரியம் சொல்லி அனுப்புவதே பாட்டி செய்யக்கூடிய முதல் உதவி.

தாய் வீட்டுக்கு வந்து சற்றுக் கண்ணயரும் நேரங்களில்தான் பொம்மைக்கு வேலை. தாதியர் அனுமதித்தால், அதைத் தாய் சிறிது நேரம் தன் நெஞ்சோடு வைத்திருந்து பிறகு குழந்தையின் அருகில் வைக்கலாம். அம்மாவின் வாசனை அதில் இருக்கும். பழம்புடவைத் துணியில் நம் பெரியோர் குழந்தையைச் சுற்றியதிலும் இந்தச் சுகம் இருந்தது.

பிறக்குமுன் ஒன்றும் செய்யலாகாது என்ற நம் வழக்கத்துக்கும் இதில் குறைவில்லை. தன் வீட்டுப் பிள்ளைக்கு முன்கூட்டிச் செய்யத் தயங்குபவர், பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு ஒன்று பின்னி வைக்கலாம் அல்லவா? நான்கு சகோதரிகள் ஒரு சனிக்கிழமை மாலை சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சோடு பேச்சாக நான்கு பொம்மைகள் உருவாகும். யாருக்கென்று தெரியாமல் பின்னியதை யாரென்று தெரியாத ஒரு சிறு கை இறுகப் பற்றிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கும் அத்தனை பிஞ்சுகளும் நலமே வீடு திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.