பழைய டிவிடி ரெக்கார்டரை எடைக்குப் போடும் முன்...

வீட்ல அப்பா வாங்குன டிவிடி ரெக்கார்டர் பரண்ல கிடக்கா? கணக்குப்படி அதோட மதிப்பு பூஜ்யம்தான், தேய்மானம் எப்பவோ முடிஞ்சது. ஆனாலும் அவசரப்பட்டு எடைக்குப் போட்டுடாதீங்க. அதுல பதிவு பண்ணின டிவிடி-ஆர் டிஸ்க்கை ‘ஃபைனலைஸ்’ பண்ணலைன்னா, வேற பிளேயர்ல பெரும்பாலும் ஓடாது. அதைச் செய்ய, பதிவு பண்ணின அதே மெஷின்தான் நம்பகமான வழி. ஹார்டு டிஸ்க் உள்ள மாடல்னா உள்ளேயே வீடியோ இருக்கலாம், அதையும் பாருங்க.

முதல்ல ஃபைனலைஸ், அப்புறம் கம்ப்யூட்டர்ல காப்பி. ஒரு டிஸ்க் 4.7 ஜிபிதான், 10 டிஸ்க்கும் ஒரு 64 ஜிபி பென்டிரைவ்ல அடங்கிடும். தாத்தா குரல் அந்த டிஸ்க்ல மட்டும்தான் இருக்குன்னா, அதுக்கு எந்த பாலிசியும் கிடையாது.

கல்யாண கேசட்டை மாத்தறதுக்காக இப்போ பழைய ரெக்கார்டர் தேடி வாங்கணுமா? என்னைக் கேட்டா, வேண்டாம். நாலு கேசட்டுக்கு ஸ்டுடியோவுல குடுத்துடுங்க. டிஸ்க்ல கேட்காதீங்க, பென்டிரைவ்ல கேளுங்க.