வேஷமும் பந்தியும்

நவீனப் பண்பாட்டின் நடுவே ஒரு கிறித்தவர் உண்மையுள்ள சீடராக வாழ்வது எவ்வாறு என்ற வினா தமிழகத்துத் திருச்சபைகளில் ஓயாமல் எழுப்பப்படுகிறது. தவக்காலத் தியானங்களிலும், கோடை விடுமுறையில் நடக்கும் வாலிபர் முகாம்களிலும், எழுப்புதல் கூட்டங்களிலும் இதைக் கேளாமல் ஓராண்டும் கழிவதில்லை. விடையும் ஏறக்குறைய ஆயத்தமாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் திரையரங்கு, பிறகு தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி. பெண்களின் உடை மட்டும் எல்லாக் காலத்துப் பட்டியலிலும் தவறாமல் இடம்பெற்றுவிடும். இவற்றிலிருந்து விலகியிருப்பவர் சீடர், விலகாதவர் உலகத்தார். இவ்விடை முழுதும் பிழையென்று நாம் சொல்லவில்லை. வினாவின் கனத்துக்கு இது போதாது என்பதே நம் கருத்து.

பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இப்பொருள் பேசப்படுகிறது. புரோட்டஸ்டண்டுகள் வழங்கும் தமிழ் விவிலியத்தில், உலகத்தோடு ஒத்துப்போதலைக் குறிக்க ‘வேஷம்’ என்ற சொல்லை ஆண்டிருக்கிறார்கள்; அதற்கு எதிர்நிலையாக ‘மறுரூபம்’. கிரேக்க மூலத்திலும் முதற்சொல்லின் வேர் புறவடிவைச் சுட்டுவதுதான். ஆகவே நல்ல மொழிபெயர்ப்பே. ஆயினும் கூத்துப் பார்த்து வளர்ந்த தமிழ்ச் செவிக்கு வேஷம் என்றவுடன் உடுப்பும் ஒப்பனையும் நகையுமே நினைவுக்கு வருகின்றன. வேஷத்தைக் கலைப்பது என்றால் நகையைக் கழற்றுவது, வெள்ளுடை உடுத்துவது என்று சில சபைகள் பொருள் கொண்டன. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பெண்ணின் மதிப்பைச் சவரன் கணக்கில் நிறுக்கும் சமூகத்தில் வெறுங்கழுத்தோடு மணமேடையேறும் ஒருத்தி ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறாள். நகைக்கு ஈடான தொகையை அதே வீட்டார் வேறு வழியில் கேட்டு வாங்கும்போதுதான் அவள் சொன்னது வீணாகிறது.

‘சீடர்’ என்ற சொல்லையும் சற்றுக் கவனிக்கலாம். புதிய ஏற்பாட்டில் அதற்கு நேரான கிரேக்கச் சொல்லின் பொருள் கற்பவர், மாணாக்கர் என்பதே. அந்த மாணாக்கர்கள் எங்கே கற்றார்கள்? மலைமேலும் கடலோரத்திலும் மட்டுமல்ல; பெரும்பகுதி பந்தியில் கற்றார்கள். வரி தண்டுவோரோடும் பாவிகளோடும் சேர்ந்துண்கிறார் என்பது இயேசுவின்மேல் திரும்பத் திரும்பச் சாட்டப்பட்ட குற்றம். இயேசுவுக்குப் பின் திருச்சபையில் எழுந்த முதல் பெரும் பிணக்குகளில் ஒன்றும் பந்தியைப் பற்றியதே. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து தம் சொந்த இனத்தார் சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் கூறுகிறது. பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இலையை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். அதுவே மறுதலிப்பு என்று பவுல் கண்டார்.

இக்கதையைத் தமிழ் மண்ணில் வைத்துப் பார்க்க நமக்கு ஓர் ஊர் கிடைத்திருக்கிறது. நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-இல் இவ்வூரில்தான் திருமுழுக்குப் பெற்றார். லாசரு என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. டச்சுக்காரர் சார்பில் போரிட்டுக் குளச்சலில் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படையில் பணியாற்றிய டிலனாய் வழியாக அவர் இந்த நம்பிக்கையை அறிந்தார். 1749-இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுசெல்லப்பட்டார், 1752-இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணம் மதமாற்றமா, அரசவைச் சூழ்ச்சியா என்று வரலாற்றாளரிடையே வழக்கு உண்டு. நமக்கு முதன்மையாகப் படுவது, அவர் நினைவைக் காத்துவந்த மக்கள் எதை மறவாதிருந்தார்கள் என்பது. தாம் பிறந்த சாதியின் எல்லையைக் கடந்து, தாழ்த்தப்பட்டோரோடு அவர் பழகினார், உடனிருந்து உண்டார் என்பதை.

அந்த வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு பெரிய கோயில் எழுந்தது. அதன் அமைப்பு விந்தையானது. பீடத்திலிருந்து இரண்டு நீள்கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து செல்லும். ஒன்றில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடாரும் பிறரும். குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது. தேவசகாயம் நீர் பெற்ற ஊரில், அவர் நீர் பெற்ற 127 ஆண்டுகளுக்குப் பிறகு, கொத்தனாரும் தச்சரும் அளவெடுத்துச் சாதியைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் கட்டித் தந்தார்கள். ஐரோப்பியக் குருக்கள் இதற்கு இசைந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஊர் உடையாமலிருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். இன்றும் பல மேய்ப்பர்கள் எண்ணுவது அதைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் பொறுப்பாளர்கள் அத்தடுப்பை அகற்றினார்கள். பிரிவினை தங்கள் உரிமை என்று உயர்சாதியார் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. இங்கே நம் போதகர்கள் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். நவீனம் என்று நாம் அஞ்சுகிற பொருள்களில் ஒன்றான நீதிமன்றம்தான் அந்தச் சுவர் மீண்டும் எழாமல் காத்தது. புகைவண்டியின் மூன்றாம் வகுப்பும், பேருந்தும், கல்லூரி விடுதியின் உணவுக்கூடமும், யார் பக்கத்தில் யார் என்று கேளாமல் மனிதரை நெருக்கி உட்காரவைத்தபோது, திருப்பலிக்கும் ஆராதனைக்கும் வந்தவர்கள் தனித்தனிப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உலகம் திருச்சபையைக் கெடுத்தது என்ற புலம்பல் நமக்குப் பழக்கமானது. உலகம் திருச்சபைக்குப் பாடம் சொன்ன இடங்களை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

கத்தோலிக்கரை மட்டும் சொல்லி மற்றவரை விட்டுவிடலாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்களை நாம் வகுப்பறையில் நடத்துகிறோம். கிறிஸ்துமஸ் இரவுகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன. குறவஞ்சியின் துள்ளலையும் நாட்டார் மெட்டுகளையும் கிறித்தவப் பக்திக்குள் அவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்தவர் வேறொருவர் இல்லை. அதே சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் கலந்து அமர வேண்டும், ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்று வற்புறுத்தியபோது கடுமையாக எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் பிற ஊர்களிலும் வேளாளக் கிறித்தவர் பலர் அதை ஏற்க மறுத்தனர். எதிர்ப்பவர்களின் வாதம் எளியது: சாதி என்பது ஊர் வழக்கம், உடையும் உணவும் போன்றது, அதற்கும் நம்பிக்கைக்கும் தொடர்பில்லை. வெள்ளைக்காரர் தம் வழக்கத்தைச் சுவிசேஷம் என்று நம்மேல் சுமத்துகிறார்கள் என்ற கோபமும் அதனோடு கலந்திருந்தது. அக்கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. பண்பாட்டுத் தன்மானமும் சாதிப் பெருமையும் ஒரே குரலில் பேசுவதுதான் இதில் உள்ள இடர். சாஸ்திரியாரின் தமிழை நாம் கொண்டாடுவோம். அந்தக் குரலில் எது தமிழ், எது சாதி என்று பிரித்துக் கேட்கவும் மாணவருக்குக் கற்பிப்போம்.

‘ஊர் வழக்கம்’ என்ற அவ்வாதம் இன்னும் இறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை பகுதியைப் புரட்டினால் போதும்: மதம், சபைப் பிரிவு, உடனே சாதி, தேவைப்பட்டால் உட்சாதி. இணையத் திருமணத் தளங்களோ இதற்கென்றே தனித்தனிக் கட்டங்களை அமைத்துத் தந்திருக்கின்றன. முன்பு தரகர் பத்து நாள் அலைந்து சலித்ததை இப்போது ஒரே சொடுக்கில் சலித்துவிடலாம். கைப்பேசி கெடுக்கிறது என்று பிரசங்கிக்கும் போதகர், அதே கைப்பேசியில் தம் சபையார் இந்தக் கட்டத்தை நிரப்புவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தனிக் கல்லறைகளும், தேர்பவனி செல்லும் தெருக்களைப் பற்றிய சண்டைகளும் தமிழகத்தில் பழங்கதை அல்ல. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் ஒரே செபமாலையை உருட்டியவர்கள்.

இன்னொரு முரணும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கின்றனர். இது அநீதி என்று திருச்சபைத் தலைவர்கள் வாதாடுகிறார்கள்; சரியாகவே வாதாடுகிறார்கள். ஆனால் அவ்வாதத்துக்கு ஆதாரமாக, எங்களுக்குள்ளும் தீண்டாமை உண்டு என்று நீதிமன்றத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. மேடையிலோ, இயேசுவுக்குள் சாதியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். வழக்கறிஞரிடம் சொல்லும் உண்மையை மறையுரையில் சொல்ல என்ன தடை? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம் இவ்விழுக்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. அந்த ஆவணம் எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டிருக்கும்?

மேடை சொல்லாததை இலக்கியம் சொல்லியிருக்கிறது. 1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’, துறவற மடத்துக்குள் சென்று வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் சொல். 1994-இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ காட்டும் ஆரோக்கியமும் சவுரியும் அந்தோணியாரை நம்பி வாழ்பவர்கள். தலித்துகளுக்கே துணி வெளுத்து அவர்கள் தரும் சோற்றில் பிழைப்பவர்கள். தாழ்த்தப்பட்டோருக்குள்ளும் தாழ்வு உண்டென்று அந்நாவல் சொன்னதற்குக் கிளம்பிய எதிர்ப்பை வாசகர் அறிவர். நம் பார்வையில் இவ்விரு நூல்களையும் இறையியல் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். விளக்கவுரை நூல்கள் பலவற்றைவிட அந்தியோகியாவில் நடந்ததை இவை நன்கு விளங்கவைக்கும்.

அப்படியானால் நுகர்வு வெறியும், ஆசீர்வாதத்தை வங்கிக் கணக்கில் அளக்கும் போதனையும் பொருட்டல்லவா என்று கேட்கலாம். பொருட்டே. ஆனால் அவற்றை எதிர்த்துப் பேசுவோருக்குக் குறைவில்லை. பேசுவதால் ஒருவரும் உறவை இழப்பதுமில்லை. சீடத்துவம் எங்கே விலை கேட்கிறதோ அங்கேதான் அது சோதிக்கப்படுகிறது. திரைப்படம் பாராதவருக்கு நேரும் இழப்பு ஒரு திரைப்படம். தம் மகளை வேறு சாதிக்காரருக்கு மணமுடித்துத் தருபவர் இழப்பது அண்ணன், தம்பி, மாமன், மைத்துனர். சில ஊர்களில் அதைவிடவும் மிகுதி. அந்த இழப்பின் நாளில் அவருக்குத் துணை நிற்கும் சபை எத்தகையது என்பதையே நாம் கேட்கிறோம்.

2012-இல் கோட்டாறு மறைமாவட்டத்தில் அருளாளர் பட்டம் பெற்றபோது அவர் தேவசகாயம் பிள்ளை. சாதிப் பெயர் வேண்டாமென்று முறையிட்டவர்கள் இருந்தார்கள். அதன்பின் வத்திக்கான் அந்த ஒட்டை நீக்கிற்று. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் வெறும் தேவசகாயம். பெயரிலிருந்து எடுப்பதற்கே இத்தனை காலமும் இத்தனை கடிதங்களும் வேண்டியிருந்தன.

திருச்சபைச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடைகள் பல உண்டு. இரத்த உறவு, முன் திருமணம், வயது என்று அப்பட்டியல் நீளும். சாதி அதில் இல்லை. ஆகவே வேறு வேறு சாதியைச் சேர்ந்த இரு கத்தோலிக்க இளைஞர் வந்து நின்றால், பங்குக் குரு மூன்று வாரம் ஓலை வாசித்து, தடையேதும் அறிந்தவர் உண்டா என்று கேட்டு, மணமுடித்து வைக்கத்தான் வேண்டும். வைக்கவும் செய்கிறார்கள். ஓலை வாசிக்கும்போது ஒருவரும் எழுந்து எதையும் சொல்வதில்லை. மணநாளன்று ஒரு பக்கத்து இருக்கைகள் மட்டும் காலியாகக் கிடக்கும். அன்று பந்தியில் யார் போய் உட்கார்ந்தார்கள் என்பதை மறுநாள் ஊர் கணக்கெடுக்கும்.