வானை அறிந்து மின்னை வகுக்க!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தமிழர் பழமொழி. எத் திங்களில் எக் காற்று எத் திசையினின்று எத்துணை விரைவாக வீசும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் அறிந்து வைத்திருந்தனர். தெற்கிருந்து வருவது தென்றல்; வடக்கிருந்து வருவது வாடை; கிழக்கிருந்து வருவது கொண்டல்; மேற்கிருந்து வருவது கோடை. அந்தக் கோடைக் காற்றே இன்று பாலைக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய மலைவாயில்களின் வழியே புகுந்து தமிழகத்தின் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முல்லைக்காட்டில் சிறிதாகத் தொடங்கிய அம் முயற்சி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலை எனப் பரந்து, 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நிறுவுதிறனாக வளர்ந்து நிற்கின்றது.

அம்மியைப் பறக்கச் செய்யும் காற்றை மின்னாக மாற்றக் கற்றாயிற்று. ஆனால், அக் காற்று என்று வரும், எவ்வளவு வரும், என்று ஓயும் என்பதை உசாவி அறிந்து, அதற்கேற்ப மின்துறை முழுவதையும் வகுக்கக் கற்றாயிற்றா என்பதே இன்றைய வினா. நிலக்கரி கையிருப்புப் பொருள். களத்தில் குவித்து வைத்து, வேண்டும்போது எரிக்கலாம். காற்றையும் கதிரொளியையும் குவித்து வைக்க இயலாது. அவை வரும்போதே வாங்கிக்கொள்ளல் வேண்டும். எனவே, காற்றும் வெயிலும் மழையுமே எரிபொருளாகிவிட்ட காலத்தில், வானிலை அறிவு மின்துறைக்கு வெளியே நிற்கும் விருந்தாளியன்று. அடுப்படியில் இருந்தே தீரவேண்டிய வீட்டாள்.

இதன் அருமையை ஒரு சிறு கணக்கு விளக்கும். காற்றின் ஆற்றல் அதன் விரைவின் மும்மடிப் பெருக்கமாக உயர்வது. விரைவு இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகும். காற்றின் விரைவு முன்கணித்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால், காற்றில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடும். வானிலையாளர்க்குச் சிறு பிழையாகத் தோன்றுவது மின்னை வகுப்பார்க்குப் பெரும் பிழையாய் முடியும். காற்று எதிர்பாராது ஓங்கினால், ஆலைகளை நிறுத்தச் சொல்லி விலையில்லா ஆற்றலை வீணே போகவிட நேரும். எதிர்பாராது ஒடுங்கினால், அந் நொடியில் கிடைக்கும் மின்னைக் கேட்ட விலைக்கு வாங்கவோ ஊர்களை இருளில் ஆழ்த்தவோ நேரும். ஆறிக்கிடக்கும் அனல் மின்நிலையத்தை அழைத்தவுடன் எழுப்ப இயலாது. கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் வேண்டும்.

நாளளவிலான முன்கணிப்பு இங்கு இல்லாமற் போகவில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தமிழகக் காற்றாலைகளுக்கு முன்கணிப்புச் செய்திருக்கின்றது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, காற்று, கதிரவன் மின்னாக்குவோர் நாளைப் பதினைந்து நிமையக் கூறுகள் தொண்ணூற்றாறாகப் பகுத்துத் தம் ஆக்கத்தை முன்கூட்டியே கூறுதல் வேண்டும். இவை நல்ல தொடக்கங்களே. எனினும், நாளைய காற்றை மட்டும் அறிதல் போதாது. வரும் பருவத்தையும் வரும் தலைமுறையையும் அறிந்து வகுப்பதே முழுமையான திட்டம்.

பருவத்தை எடுத்துக்கொள்க. தமிழகத்தின் மின்தேவை சித்திரை வெயிலில் உச்சத்தை அடைகின்றது. 2024 மே 2 அன்று அது 20,830 மெகாவாட்டு என்னும் அதுவரை காணாத அளவைத் தொட்டது. காற்றுக் காலமோ மே இறுதியை ஒட்டித்தான் வலுக்கின்றது. தேவை முந்திக்கொள்ள, காற்றுப் பிந்தி வருகின்றது. இவ் விடைவெளியின் நீளத்தைத் தென்மேற்குப் பருவக்காற்றே முடிவு செய்கின்றது. அது 2023-இல் சூன் 8 அன்று கேரளத்தை அடைந்தது. 2025-லோ மே 24 அன்றே அடைந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் பதினைந்து நாள் வேறுபாடு! அப் பதினைந்து நாளுக்கும் வேண்டிய நிலக்கரியை ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியிலும் கப்பலிலும் கொண்டுவர வேண்டும். அனல் நிலையங்களைப் பழுது பார்க்கும் நாளையும் அதற்கேற்பவே குறிக்க வேண்டும். நீலமலை அணைகளின் நீரை இன்று செலவிடுவதா, மாலை உச்சத்திற்கும் வரும் கிழமைக்கும் காத்துவைப்பதா என்பதையும் முடிவு செய்தல் வேண்டும். ஆனைமலையில் உள்ள கடம்பாறை நிலையம், மின் மிகும்போது நீரை மேலேற்றி, குறையும்போது கீழிறக்கி 400 மெகாவாட்டு வரை தரவல்லது. என்று ஏற்றுவது, என்று இறக்குவது என்பதைச் சொல்லவேண்டியது வானமே.

ஆண்டின் பிற்பகுதி இதனினும் அரிது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கோடைக் காற்று ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவ முகில் கதிரவனை மறைக்கும். காற்றும் வெயிலும் ஒருசேரக் குறையும் காலம் அது. புயலும் அப்போதே வரும். 2018 நவம்பரில் வீசிய கசாப் புயல் ஓர் இலக்கத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை வீழ்த்தியதைக் காவிரிப் படுகை மக்கள் மறந்திலர்.

2012-ஆம் ஆண்டையும் எவரும் மறந்திலர். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின் நின்றது. விசைத்தறிகள் ஓய்ந்தன, மாணவர் விளக்கின்றித் தவித்தனர், உழவர் இரவெல்லாம் இறைவைப் பொறியருகே காத்துக் கிடந்தனர். புதிய நிலையங்கள் உரிய காலத்தில் முடியாமையும், வெளியிலிருந்து மின் கொண்டுவரப் போதிய தடம் இல்லாமையும் அதற்குக் கரணியங்கள். தென்னக மின்தொகுப்பு வடபுலத் தொகுப்போடு இணைந்தது 2013 திசம்பர் 31-இல்தான். ஆயினும், காற்றுக் காலம் முடிந்ததும் பற்றாக்குறை பன்மடங்கானது தற்செயலன்று. ஆண்டுதோறும் காற்று ஓயும் என்பதை ஆட்டிடையனும் அறிவான். அறிந்ததை ஆண்டுத் திட்டத்தில் எழுதாமையே குறை.

அறிவு இருந்தும் செயலோடு இணையாவிடின் நேரும் கேட்டினை அமெரிக்க நாட்டின் டெக்சாசு மாநிலமும் கண்டது. 2021 பிப்பிரவரியில் அங்குக் கடுங்குளிர் வரும் என்று வானிலையாளர் பல நாள் முன்னரே கூறினர். 2011-இல் அத்தகைய குளிரால் மின் நின்றபோதே, நிலையங்களுக்குக் குளிர்காப்புச் செய்க என்று வல்லுநர் பரிந்துரைத்திருந்தனர். செய்தார் சிலரே. எரிவளிக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்து நின்றன. நாற்பத்தைந்து இலக்கம் இல்லங்களும் கடைகளும் இருண்டன. அரசின் கணக்குப்படியே 246 பேர் மாண்டனர். அங்குக் குறைந்தது செல்வமன்று, தொழில்நுட்பமுமன்று. வான்நூல் அறிவார் சொல்லை மின்துறை தன் சொல்லாக ஏற்காமையே குறைந்தது.

இனி, தலைமுறைக் கணக்கு. இன்று நிறுவும் காற்றாலை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சுழலும். அணையோ நூறாண்டு நிற்கும். அதற்குள் நிலவுலகின் தட்பவெப்பம் இன்றுள்ளபடியே இராது. இந்தியப் பெருங்கடல் வெப்பமேறி வருகின்றது. அவ் வெப்பத்தோடு இந்தியாவின் காற்றாற்றல் வளம் 1980 முதல் குறைந்து வந்திருப்பதைத் தொடர்புபடுத்தி 2018-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வெயில் ஏற ஏறக் குளிரூட்டிகளும் பெருகும், மின்தேவையும் பெருகும். கடந்த முப்பதாண்டின் காற்றையும் மழையையும் மட்டும் அளந்து, வரும் முப்பதாண்டும் அவ்வாறே அமையும் என்று திட்டம் வகுப்பது, வற்றிய ஆற்றின் பழைய நீர்மட்டத்தைக் கண்டு ஓடம் செய்வதை ஒக்கும்.

செய்ய வேண்டியவை எட்டாக் கனிகளல்ல. மின்சுமை பகிர்வு நடுவத்தில் வானிலை அறிஞர் நாள்தோறும் அமர்ந்திருத்தல் வேண்டும். பருவமழை பற்றிய முன்னறிவிப்பு வெளிவந்த கிழமையிலேயே நிலக்கரிக் கொள்முதலும், பழுதுபார்ப்பு நாளும், அணைநீர்ப் பங்கீடும் அதனோடு பொருத்திப் பார்க்கப்படல் வேண்டும். காற்றாலைகளிலும் அளவைக் கோபுரங்களிலும் பதியும் காற்றுக் கணக்குகள் தனியார் பெட்டகங்களில் உறங்காமல் பல்கலைக்கழக ஆய்வாளர்க்குக் கிடைத்தல் வேண்டும். இவற்றின் முடிவுகள் உழவனுக்கும் நெசவாளிக்கும் விளங்கும் தமிழில் முன்கூட்டியே சென்று சேர்தல் வேண்டும். மின் வருமா வராதா என்று அறிந்தவன் தன் வேலையை மாற்றி அமைத்துக்கொள்வான், அறியாதவனே அல்லற்படுவான்.

கதிரவனின் செலவையும் காற்று இயங்கும் திசையையும் அளந்தறிந்து கூறுவோர் இருந்தனர் என்பதைப் புறநானூற்றின் 30-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிக்கின்றார். காற்றைத் தொழிற்படுத்திக் கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றலாகக் கரிகாலனை 66-ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் விளிக்கின்றார். அளந்தறிவது ஒன்று; ஆள்வது மற்றொன்று. இரண்டும் கைகோத்த நாளில் கலம் கடல் கடந்தது. அவ் விரண்டையும் மீண்டும் இணைப்பதே இன்று ஆள்வோர் கடமை; இணைக்குமாறு கேட்பது மக்கள் கடமை. அடுத்த கோடைக் காற்றுக் கணவாயை அடையுமுன் அப் பணி தொடங்குக!