கடலில் ஒரு கருவி, வீட்டில் ஒரு கொப்பி



கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் விடுமுறையில் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே எங்கள் வீட்டில் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவோம். பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று எழுதிக்கொண்டிருந்தபோது என் தம்பி வந்து திண்ணையில் குந்தினான்.

“ராத்தா, மச்சானிட்ட ஒரு ஜீ.பீ.எஸ். கொண்டுவரச் சொல்லுங்க. என்ன வகை எண்டு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இல்லாட்டி அவர் கடைக்காரன் குடுக்கிறதைத்தான் வாங்கிட்டு வருவார்.”

தம்பி ஒலுவில் துறைமுகத்திலிருந்து பலநாட் கலத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவன். நானோ பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எனக்கு இதில் என்ன தெரியும் என்று சிரித்தேன். மூன்று வருடங்களுக்கு முந்திய அந்த இரவு நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று தம்பியின் படகில் இயந்திரம் நின்றுபோனது. இருக்கும் இடத்தைக் கருவியில் பார்த்து வானொலி செட்டில் சொல்லியிருக்கிறான். சற்று நேரத்தில் செட்டின் பற்றரியும் இறங்கிவிட்டது. கரையில் கேட்டவர் அகலக்கோட்டை “7, 50” என்று கடதாசியில் குறித்துக்கொண்டார். அந்த இடத்துக்குப் போன தோழமைப் படகு இரவு முழுவதும் தேடியும் கண்டது வெறும் தண்ணீரைத்தான்.

விடியற்காலை நான் தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி அழுதுகொண்டே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தம்பி தன் மீன்பாட்டு இடங்களையெல்லாம் எழுதிவைக்கும் கொப்பி அது.

“மச்சி, இவர் எழுதின எல்லா நம்பரிலயும் நடுவுல ஒரு குத்து இருக்கே. அந்தக் கடதாசியில குத்து இல்லையே” என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. தம்பி சொன்னது 7.50 பாகை. அதாவது ஏழரைப் பாகை. 7 பாகை 30 கலை. கரையில் எழுதியதோ 7 பாகை 50 கலை. வித்தியாசம் 20 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். ஆகவே அவர்கள் தேடியது 37 கிலோமீற்றர் வடக்கே! உடனே செய்தி அனுப்பினோம். சரியான இடத்திலிருந்து நீரோட்டம் இழுக்கும் பக்கமாகத் தேடிப் போனவர்கள் அன்று மாலை அவர்களைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பேரும் உயிரோடு வந்தார்கள்.

கருவி பிழை சொல்லவில்லை. அது சொன்னதை நாம்தான் பிழையாக எழுதினோம். அதனால்தான் இம்முறை தெரிவு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து இக்கருவியைக் கொண்டுவருகிறவரும் இருக்கலாம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்வோம். கையில் ஜீ.பீ.எஸ். இருந்தால் படகு எங்கே இருக்கிறது என்று கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையை இக்கருவி வாங்க மட்டுமே செய்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் தன் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும். யாருக்கும் எதையும் அனுப்பாது. கேட்கும் காது அதற்கு உண்டு. பேசும் வாய் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை விதித்து 2016இல் அதை நீக்கியது. அக்காலத்தில் ஆழ்கடற் கலங்களில் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கருவி வேறு. அது படகின் இடத்தைக் கரைக்கு அறிவிப்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

இனி, கையடக்கக் கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

ஒன்று, தண்ணீர். ஐ.பி.எக்ஸ். 7 என்ற தரக்குறி இருந்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணிநேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் தண்ணீரைத் தாங்குவது வேறு, மிதப்பது வேறு. கைதவறிக் கடலில் விழுந்த கருவி தண்ணீரைத் தாங்கி என்ன பயன், அடியில் போய்விட்டால்? கார்மின் நிறுவனத்தின் ஜீ.பீ.எஸ். மெப் 78 போன்ற கடல் வகைகள் மிதக்கும். மலையேறுவோருக்கான சிறிய வகைகள் பல மிதக்காது. எதுவானாலும் கழுத்துக் கயிறு அவசியம்.

இரண்டு, பற்றரி. உள்ளேயே பூட்டிய பற்றரி உள்ளதைவிட, பென்டோர்ச் பற்றரி போடும் வகையே பலநாள் பயணத்துக்கு உகந்தது. இறங்கினால் மாற்றிக்கொள்ளலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். புதிய பற்றரிகளை உப்புக்காற்றுப் படாத மூடிய போத்தலில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று, பொத்தான். தொடுதிரை பார்க்க அழகுதான். ஈரக் கையாலும் மீன் செதில் ஒட்டிய விரலாலும் அது சொல்வழி கேட்காது. அழுத்தும் பொத்தானும், நண்பகல் வெயிலில் வாசிக்கக்கூடிய திரையும் வேண்டும். “கைத்தொலைபேசியிலேயே இருக்கிறதே” என்பவர்களுக்கும் இதுதான் பதில். தொலைபேசியின் ஜீ.பீ.எஸ். சிக்னல் கோபுரம் இல்லாத நடுக்கடலிலும் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். பற்றரியும் விரைவில் இறங்கும். அதை இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கு, வரைபடம். வெளிநாட்டில் வாங்கும் கருவியில் அந்தப் பிராந்தியத்தின் விரிவான படம் மட்டுமே இருக்கக்கூடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பாகையும் கலையும் உலகம் முழுவதும் ஒன்றே. டோஹாவில் வாங்கியதும் ஒலுவிலில் வேலை செய்யும். வரைபடத்துக்கென்று அதிக பணம் கொடுக்குமுன், இலங்கைக் கடற்பகுதி அதில் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஐந்து, செய்தி அனுப்பும் வகை. செய்மதி வழியாக இருவழிச் செய்தி அனுப்பும் கருவிகளும் கடைகளில் உண்டு. ஆபத்தில் பெரிதும் உதவும். ஆனால் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டும். அனுமதிச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் முன்அனுமதியின்றிச் செய்மதித் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். காற்றில் அடிபட்டு எல்லை தாண்டும் படகில் அது இருந்தால் புதிய சிக்கல். ஆகவே உரிய இடத்தில் கேட்டறிந்த பின்பே வாங்க வேண்டும்.

கருவி கைக்கு வந்த பிறகும் அறிய வேண்டியவை உண்டு.

நிற்கும் படகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாதாரண ஜீ.பீ.எஸ். சொல்லாது. நகரும்போது, நகரும் திசையைத்தான் காட்டும். இயந்திரம் நின்று படகு இழுபடும்போது அம்புக்குறி காட்டுவது படகு இழுபடும் வழியையே. ஆகவே பழைய காந்தத் திசைகாட்டியைக் கரையில் விட்டுவிடக் கூடாது.

அது காட்டும் வழியும் நேர்கோடுதான். இடையில் கல்லணை இருக்கிறதா, மணல்திட்டு இருக்கிறதா என்று பாராது. எங்கள் ஒலுவிலுக்கு இது மிகவும் பொருந்தும். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட இத்துறைமுகத்தின் வாயை மணல் மூடியதும், படகுகள் உள்ளே வரமுடியாமல் தவித்ததும் இங்கு யாவரும் அறிந்ததே. போன வருடம் பதிந்த வாசல் இவ்வருடம் மணலாக இருக்கலாம். எனவே துறைமுக வாயை அல்ல, வாய்க்கு வெளியே ஆழமான ஓர் இடத்தைப் பதிந்து, அதுவரை கருவியையும் அதற்குப் பிறகு கண்ணையும் நம்ப வேண்டும். மலையையும் வெளிச்சவீட்டையும் அடையாளம் வைத்துக் கரை சேர்ந்த எங்கள் மூத்தவர்களின் பழக்கம் இந்த இடத்தில் இன்றும் தேவை.

எல்லையையும் பதிந்து வைக்கலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலெல்லை 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் பாகை, கலை எண்களாகவே குறிக்கப்பட்டுள்ளது. மீன் எல்லை அறியாது. கைது செய்யப்படும் மனிதருக்கு அது வேண்டும்.

இப்போது நம்முடைய பங்கு. கடலுக்குப் போகிறவர் பதியும் இடங்களை ஒரு கொப்பியில் எழுதி வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். கருவி எந்த முறையில் எண்ணைக் காட்டுகிறது என்பதை முதற்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்: பாகையும் தசமமுமா, பாகை கலை தசமமா, பாகை கலை விகலையா? படகில் உள்ளவரும் கரையில் கேட்பவரும் ஒரே முறையை வைத்துக்கொள்ளட்டும். வானொலியில் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, “தசம்” என்பதையும் வாயால் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை விடக்கூடாது. படகின் பதிவிலக்கம், புறப்பட்ட நாள், திரும்பும் நாள் எல்லாம் அதே கொப்பியில் இருக்கட்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கணவருக்குப் பட்டியலை அனுப்பிவிட்டேன். மிதக்க வேண்டும், பொத்தான் வேண்டும், பென்டோர்ச் பற்றரி வேண்டும் என்று மூன்றே வரி. தம்பி மனைவி புதுக் கொப்பி ஒன்று வாங்கிவிட்டாள். முதற்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு பெரிய குத்து வைத்து, அதன்கீழ் எழுதியிருக்கிறாள்: “இதை மறக்கப்படாது.”