தோட்டத்துத் தண்டவாளம்



2016-ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. காலைத் திருப்பலி முடிந்தால் நாள் நீண்டு கிடக்கும். கோவிலுக்கு எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் இருந்தார், எழுபதைக் கடந்தவர். ஒருநாள் அவர் தம் தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் முழந்தாளிட்டிருக்கக் கண்டேன். செபம் செய்கிறாரோ என்றெண்ணித் தயங்கி நின்றேன். உற்றுப் பார்த்தால் கையிலே சிறு சுத்தியல், வாயிலே பொடி ஆணிகள்! மனிதர் இரயில் பாதை பதித்துக்கொண்டிருந்தார்.

நூரம்பெர்க் நகரின் லேமன் நிறுவனம், வெயிலிலும் மழையிலும் தோட்டத்தில் ஓடக்கூடிய பெரிய மாதிரி இரயிலை 1968-இல் அறிமுகப்படுத்தியது. மெய்யான வண்டியின் அளவில் 22.5-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ ஒரு மீட்டர். நாம் இளமையில் எழும்பூரில் ஏறித் தென்மாவட்டங்களுக்குச் சென்றோமே, இன்றும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுகிறதே, அதே மீட்டர் கேஜ்! இதைச் சொன்னதும் பெரியவர் என்னைத் தம் குலத்தவனாகவே ஏற்றுக்கொண்டார்.

பிளாஸ்டிக் கட்டைகளோடு கூடிய ஆயத்தப் பாதை கடையில் கிடைக்கும்போது, கையால் பதிப்பானேன்? கடைப்பாதையின் வளைவுகள் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் வரும். மரத்தின் வேரோ அந்த அளவுகளை அறியாது. வேரை வெட்ட அவருக்கு மனமில்லை. ஆகவே வேருக்கு ஏற்பப் பாதையை வளைத்தார். மொத்தம் 30 மீட்டர். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கட்டையென 1,000 ஓக் மரக் கட்டைகள். கட்டைக்கு நான்காக 4,000 ஆணிகள்! முன்னதாக நுண்துளை இடாவிட்டால் கட்டை பிளந்துவிடும். ஆகஸ்டு இறுதியில் பேத்தி வருவாள், அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும் என்பது அவருடைய ஒரே கவலை.

கான்கிரீட் இட்டு அதன்மேல் பதித்தால் உறுதியாக இருக்குமே என்றேன். அவர் தலையசைத்தார். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து நிலமே மேலெழும்பும். அப்போது கான்கிரீட் வெடித்துவிடக்கூடும் என்றார். அவர் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குப் பள்ளம் தோண்டிப் பொடி ஜல்லி நிரப்பியிருந்தார். ஆற்றுக் கூழாங்கல் உதவாது, அது உருளும். உடைத்த கல்லின் முனைகளே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மழைநீரும் தங்காமல் வடிந்துபோகும். எங்கேனும் பாதை தாழ்ந்தால், இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அடியில் ஒரு பிடி ஜல்லியைத் திணித்தால் போதும்.

முதலில் ஒரு தண்டவாளத்தைக் கண்ணளவில் வளைத்து ஆணியடிப்பார். பிறகு 45 மில்லிமீட்டர் அளவுச் சட்டத்தை அடிக்கொரு தடவை வைத்து, மற்றதைப் பொருத்துவார். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும், ஒரு முழுச் சுற்றில் வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் நீளம் என்பதை அங்கேதான் கற்றேன். குருமடத்தில் கணிதம் கற்பித்த ஆசிரியர் அறிந்தால் வருந்துவார்!

இனி, என் தவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலை அவர் மருத்துவரைக் காணச் சென்றிருந்தார். திரும்பி வருகையில் அவரை வியப்பில் ஆழ்த்த எண்ணி, சிறு பாலத்திற்கும் முன்பே பதித்த பாதைக்கும் இடையிலிருந்த ஒன்பது மீட்டரையும் நானே முடித்தேன். ஒன்றரை மீட்டர்ப் பித்தளைத் துண்டுகள் ஆறினை முனையோடு முனை, மயிரிழையும் புகாதபடி, நெருக்கிச் சேர்த்தேன். என் வேலைத்திறத்தை நானே மெச்சிக்கொண்டேன். காலைக் குளிர் அப்போது 15 டிகிரி இருக்கும்.

பிற்பகலில் நல்ல வெயில். இருவரும் வந்து பார்த்தபோது, பாதை நடுவிலே பாம்புபோல் நெளிந்து, கட்டைகளையும் இழுத்துக்கொண்டு ஜல்லிக்கு வெளியே புடைத்துக் கிடந்தது. வெயிலில் 30 டிகிரி சூடேறினால் ஒன்பது மீட்டர்ப் பித்தளை ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளும். நீளுவதற்கு நான் இடம் விடவில்லை. அது பக்கவாட்டில் இடம் தேடிக்கொண்டது.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "தந்தை அவர்களே, இதற்கு ஷ்பீல் வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு விளையாட்டு என்றும் பொருள், பொறிப் பாகங்களுக்கிடையே விடும் தளர்வு என்றும் பொருள். நம்மூர் மெக்கானிக்கும் 'ப்ளே' என்கிறாரே, அதுதான். பழைய இரயில் பயணங்களில் நம்மைத் தாலாட்டிய "தடக் தடக்" ஓசை அத்தகைய இடைவெளிகளில் பிறந்ததே. இன்றைய பெரும் பாதைகளில் தண்டவாளங்களை நெடுந்தூரம் பற்றவைத்து, கனத்த கான்கிரீட் கட்டைகளாலும் ஜல்லியாலும் இறுகப் பிடித்துவைக்கிறார்கள். தோட்டத்துப் பாதைக்கு அந்தப் பலம் ஏது?

ஆணிகளைப் பிடுங்க ஒரு நாள், மீண்டும் அடிக்க இரண்டு நாள். இம்முறை ஒவ்வொரு இணைப்பிலும் மடித்த அஞ்சல் அட்டையொன்றைச் செருகி, தண்டவாளத்தைப் பொருத்தியபின் உருவினோம். ஆணித் தலையும் தண்டவாளத்தை நெரிக்காமல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டுமாம். அகலத்தில் அசையக்கூடாது, நீளத்தில் வழுக்க வேண்டும். முன்பு நான் அடித்தவையெல்லாம் நெரித்தவையே.

பேத்தி வந்த அன்று மழை. மறுநாள்தான் வண்டி புறப்பட்டது. ஆப்பிள் மரத்தைச் சுற்றி, பாலத்தைக் கடந்து, என் ஒன்பது மீட்டரில் அது "தடக் தடக்" என்று ஏறியபோது, சிறுமி கைதட்டினாள். பெரியவர் மட்டும் வண்டியைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.