சொறிநாய் என்று விரட்டலாமா?

யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நம் வாயில் சட்டென்று வரும் வார்த்தை "சொறிநாய்". ஆனால் சொறி என்பது நாயின் குணம் இல்லை, அது ஒரு நோய். நோய் என்றால் மருந்தும் உண்டு.

குட்டிநாய்க்கு உடம்பெல்லாம் பொரிப்பொரியாக வந்து ராத்திரி பகலாகச் சொறிந்தால், நம் ஊரில் உடனே ஒரு வைத்தியம் சொல்வார்கள். "ஒர்க்‌ஷாப்புல வேஸ்ட் ஆயில் வாங்கி ஊத்து, ரெண்டு நாள்ல சரியாயிடும்!" சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், சிலர் பினாயில். இது வைத்தியமே இல்லை, வதை என்பதுதான் என் கருத்து. குட்டியின் தோல் மெல்லியது. எரிச்சல் தாங்காமல் அது உடம்பை நக்கும். ஊற்றிய விஷம் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

"எங்க நாய்க்கு ஆயில் ஊத்தித்தான் சரியாச்சு" என்று சிலர் சொல்லலாம். தானாகவே ஆறிவிடும் சொறியும் உண்டு. ஆறியது ஆயிலாலா, தானாகவா? யாருக்குத் தெரியும்!

எல்லாப் பொரியும் ஒன்றல்ல. வால் அடியிலும் முதுகிலும் அதிகம் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். முடியைச் சீவி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளு குடித்த ரத்தம்! காது ஓரம், முழங்கை, வயிறு என்று அரிப்பு பரவினால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி காரணமாக இருக்கலாம். இது மனிதருக்கும் அரிப்பு தரும். கண், வாயைச் சுற்றி முடி மட்டும் கொட்டுவது வேறு வகைச் சிற்றுண்ணி. அது நமக்கு ஒட்டாது. வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது ஒட்டும். அடிவயிற்றில் சீழ்க் கொப்புளம் என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம்.

இத்தனைக்கும் ஒரே மருந்து எப்படிச் சரியாகும்? கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பல சமயம் முடிவு செய்கிறார். மருந்தின் அளவு குட்டியின் வயதையும் எடையையும் பொறுத்தது. மாட்டுக்குப் போடும் மருந்தை நாமே அளந்து கொடுப்பது பெரிய தப்பு. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதும் தப்பு. சிற்றுண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து பெரிதாகச் சுமார் 3 வாரம் ஆகும். பாதியில் விட்டால் மறுபடி வரும். படுக்கும் சாக்கையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். தெள்ளின் முட்டைகள் அங்கேதான் கிடக்கும்.

"தெருநாய்க்கு யார் செலவு செய்வா?" என்று கேட்கலாம். அதன் சொறி தெருவில் விளையாடும் நம் தம்பி, தங்கைக்கும் ஒட்டக்கூடியது. அதைக் கவனிப்பது தர்மம் மட்டும் இல்லை, நம் பாதுகாப்பும்கூட. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவே சொல்கிறது. 1976-ல் சேர்க்கப்பட்டது அது. தேர்வுக்கு மட்டும் படித்தால் போதுமா?

ஆனால் தெருக்குட்டியை வெறுங்கையால் தூக்காதீர்கள். கடிக்கலாம், அரிப்பும் ஒட்டலாம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போன கையோடு வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேட்கச் சொல்லுங்கள்.

கல்லைக் கீழே போடுவோம், குட்டியைக் காப்போம்!

– 10-ஆம் வகுப்பு மாணவி